கழுத்து வீங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

“கழுத்துல ஒரு வீக்கமும் இல்லையே டொக்டர், பிறகு எப்படித் தைரொய்ட்?” மூன்று மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளையின் நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது, தொப்புள் துருத்தியிருக்கிறது, நாலு நாளாக மலம் போகவில்லை. இந்தக் கேள்வியை இனியும் கேட்க மனம் தாங்கவில்லை.

பிறவியிலேயே தைரொய்ட் ஹோர்மோன் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு, அதைச் சுரக்கும் கழுத்துச் சுரப்பி சரியாக உருவாகியே இருக்காது. சிலருக்கு அடியோடு இல்லை. சிலருக்கு நாக்கின் அடியில் சிறு துணுக்காக நின்றுபோயிருக்கும். இல்லாத சுரப்பி எப்படி வீங்கும்? அயடின் உப்புதானே சாப்பிடுகிறோம் என்பார்கள். சுரப்பியே இல்லாத பிள்ளைக்கு உப்பு என்ன செய்யும்? பிறந்தபோது நன்றாக இருந்ததே என்பார்கள். நச்சுக்கொடி வழியாக வந்த தாயின் ஹோர்மோன் முதல் நாட்களில் காக்கும், பிறகு தீர்ந்துவிடும். அப்போது குரல் கரகரக்கும், 14 நாள் தாண்டியும் உடம்பின் மஞ்சள் நிறம் போகாது, கைகால் சில்லிடும். நுவரெலியாவில் கைகால் சில்லிட்டால் பனியைத்தான் சொல்வோம். அழாமல் தூங்கும் பிள்ளையை அப்பாயி “தங்கமான புள்ள” என்பார். மூளை வளர அந்த ஹோர்மோன் தேவைப்படும் வாரங்கள் அப்படியே போய்விடும், திரும்பி வராது.

அதனால்தான் பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தைரொய்ட் பரிசோதனைக்குக் குதிகாலில் இரத்தம் எடுக்கிறோம். முதல் நாளிலேயே எடுத்தால் டீ.எஸ்.எச். (தைரொய்டைத் தூண்டும் ஹோர்மோன்) இயல்பாகவே ஏறியிருக்கும், வீண் பயம் வரும். குறைமாதப் பிள்ளை, எடை மிகக் குறைந்த பிள்ளை, ஒரே பாலின இரட்டையர் என்றால் இரண்டு வாரத்தில் இன்னொரு முறை.

இரத்தம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குதிகாலின் ஓரத்தில் குத்துங்கள், நடுவில் வேண்டாம். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். அடுத்த துளி, இரத்தம் சேகரிக்கும் அட்டையிலுள்ள வட்டத்தை ஒரே தடவையில் நிரப்பி, அட்டையின் பின்பக்கம் வரை ஊற வேண்டும். துளிமேல் துளி வைத்தாலும், காலைப் பிழிந்தாலும் அளவு பொய்யாகும். மூன்று நான்கு மணி நேரம் கிடையாக உலர விடுங்கள், பனிக்காலத்தில் இன்னும் கூட. அடுப்பருகிலும் வெயிலிலும் வைக்காதீர்கள். முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது: டிவிஷன், லயன் இலக்கம், கொழும்பில் வேலை செய்யும் தகப்பனின் இலக்கத்தோடு வீட்டில் இருப்பவரின் தொலைபேசி இலக்கமும் வேண்டும். முடிவு வந்தும் பிள்ளையைத் தேடிப் பிடிக்க முடியாமல் போவது இங்கேதான்.

நோய் உறுதியானால் உடனே, பிள்ளைக்கு இரண்டு வாரம் ஆகும் முன்பே, தைரொய்ட் ஹோர்மோன் மாத்திரை தொடங்க வேண்டும். எழுதிக்கொடுத்த அளவை நசுக்கி, ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுங்கள். பால் போத்தலில் கலக்காதீர்கள், மிச்சத்தோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்து மருந்துக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு திரிபோஷ சத்துமா கொடுத்தால், அதில் சோயா இருக்கிறது: மாத்திரை காலையில், திரிபோஷ மாலையில்.

இரத்தப் பரிசோதனை நாளில் மாத்திரையைக் கையோடு கொண்டுவாருங்கள், இரத்தம் எடுத்த பிறகு கொடுக்கலாம். பிள்ளை தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. நிறுத்திப் பார்க்கலாமா என்பதை மூன்று வயதில் நாங்கள் சோதித்துச் சொல்கிறோம்.