ஸ்கேன் படத்தில் சிவப்பாகத் தெரிவது எது?

"காதல் வந்தால் மூளையின் இந்த இடம் ஒளிர்கிறது", "பொய் சொன்னால் அந்த இடம் விழித்துக்கொள்கிறது" என்று அவ்வப்போது செய்தி வரும். கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு மூளைப் படம், அதில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு. அந்த இடத்தில் யாரோ விளக்கைப் போட்டது போலத் தோன்றும். உண்மையில் மூளைக்குள் எதுவும் ஒளிர்வதில்லை. அந்த நிறம் கணினி பூசியது. எதை அளந்து பூசியது என்று தெரிந்துகொண்டால் இந்தச் செய்திகளை வேறு கண்ணோடு படிப்போம்.

அந்தப் படத்தைத் தரும் முறையின் பெயர் எஃப்எம்ஆர்ஐ. மருத்துவமனைகளில் இருக்கும் அதே எம்ஆர்ஐ கருவிதான். ஆனால் இது அளப்பது நரம்புச் செல்களை அல்ல, இரத்தத்தை. ஆக்சிஜனைச் சுமந்து வரும் ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைத் தொந்தரவு செய்யாது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் கொஞ்சம் குலைக்கும். மூளையின் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால், செலவான ஆக்சிஜனை ஈடுகட்டத் தேவைப்படுவதைவிட அதிகமாகவே அங்கே இரத்தம் பாய்கிறது. குலைப்பு குறைகிறது, சிக்னல் லேசாக உயர்கிறது. 1990-ல் செய்ஜி ஒகாவா குழுவினர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எலிகளிடம் இதைக் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் மனிதர்களுக்கும் பயன்படத் தொடங்கிவிட்டது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. சாம்பார் வாளி எந்த வரிசைக்கு அடிக்கடி போகிறது என்பது மட்டும் தெரியும். எஃப்எம்ஆர்ஐ பார்ப்பது அந்த வாளியை. கேட்டவுடன் வாளி வந்துவிடுவதும் இல்லை. நரம்புச் செல்களின் பேச்சு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் நடக்கிறது. இரத்தத்தின் பதில் உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடி ஆகிறது. படத்தின் ஒரு சிறு கட்டம் சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் பல லட்சம் நரம்புச் செல்கள் இருக்கின்றன.

இத்தனை குறை இருந்தும் இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். மண்டையைத் திறக்காமல், கதிரியக்க ஊசி போடாமல், நலமாக இருக்கும் ஒருவரின் மூளை ஆழத்தை அவர் படிக்கும்போதும் நினைவுகூரும்போதும் பார்க்க முடிகிறது. நூறு வருடம் முன்பு யாரும் கற்பனை செய்திருக்க முடியாத காரியம் இது.

ஆபத்து கணக்கில் இருக்கிறது. மூளை முழுவதும் பல்லாயிரம் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் "இங்கே மாற்றம் உண்டா?" என்று தனித்தனியாகக் கேட்டால், சில கட்டங்கள் தற்செயலாகவே "உண்டு" என்று சொல்லும். 2009-ல் கிரெய்க் பென்னட் குழுவினர் இறந்துபோன ஒரு சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று 'கேட்டார்கள்'. இந்தத் தற்செயலுக்கான திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையிலும் ஒரு திட்டு வந்தது. முறையான திருத்தம் செய்ததும் அது மறைந்துவிட்டது. அப்புறம் 2020-ல் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது: ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே ஒன்பது கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்கு விடைகளும் ஒத்துப்போகவில்லை.

சரி, வேகத்தைப் பிடிக்க என்ன வழி? இஇஜி இருக்கிறது. ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைத் தலைக்கு வெளியிலிருந்து பதிவு செய்தார். இது மண்டபத்துக்கு வெளியே தெருவில் நிற்பது போல. கெட்டிமேளம் முழங்கினால் தாலி கட்டும் கணத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். உள்ளே எந்த மூலையில் யார் என்ன பேசினார்கள் என்று சொல்ல முடியாது. ஏராளமான செல்கள் சேர்ந்து ஒரே தாளத்தில் இயங்கினால்தான் வெளியே கேட்கும், அதையும் மண்டையோடு கலங்கலாக்கிவிடும். ஆனாலும் வலிப்பு நோயைக் கண்டறிய இன்றும் மருத்துவர்கள் முதலில் நாடுவது இதைத்தான்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஒரு வேலை நடக்கும்போது ஒரு பகுதி இயங்கியது என்று காட்டுமே தவிர, அந்தப் பகுதி இல்லாவிட்டால் வேலை நின்றுபோகுமா என்று காட்டாது. அதைச் சொல்ல, பாதிப்படைந்த மூளைகள்தான் நெடுங்காலம் உதவின. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா, "டான்" என்ற ஓர் அசையைத் தவிர அநேகமாக எதுவும் பேச முடியாத நோயாளி இறந்தபின் அவர் மூளையைப் பரிசோதித்து, இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். பேச்சின் இடம் கிடைத்துவிட்டது என்று உலகம் நம்பியது. அந்த மூளையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். 2007-ல் அதை எம்ஆர்ஐயில் வைத்துப் பார்த்தபோது, புரோக்கா பார்த்த மேற்பரப்பைத் தாண்டி ஆழத்திலும் சேதம் பரவியிருந்தது தெரிந்தது. நோய் நம் வரைபடத்தின் எல்லைகளைப் பார்த்து வருவதில்லையே.

தமிழ்நாட்டில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றும் நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனின் ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரல்களைத் தொடுவது போல இருக்கிறது என்றார் அவர். மூளையின் தொடு வரைபடத்தில் கைக்குப் பக்கத்திலேயே முகம் இருக்கிறது. ஆளில்லாத கையின் இடத்தை முகம் பிடித்துக்கொண்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். மூளையின் காந்த அலைகளை அளக்கும் எம்இஜி கருவியும் 1994-ல் அதற்கு ஆதரவாகவே பேசியது. பாடப்புத்தகங்களிலும் ஏறியது.

2025-ல் வேறொரு குழு, கையை அகற்ற வேண்டியிருந்த மூன்று பேரை அறுவைக்கு முன்பே எஃப்எம்ஆர்ஐயில் பார்த்து, பிறகும் தொடர்ந்து பார்த்தது. இல்லாத விரல்களை அசைக்க முயலும்படி அவர்களிடம் சொன்னபோது, கையின் வரைபடம் ஏறக்குறைய முன்பு இருந்தபடியே இருந்தது. உதட்டின் பகுதி அதற்குள் நுழையவே இல்லை. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் கையை இழந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டவை, இது ஒருவரை அவரோடே ஒப்பிட்டது. கன்னத்தைத் தொட்டபோது முந்தைய ஆய்வாளர்கள் மூளையிடம் முகத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். இந்த ஆய்வு கையைப் பற்றியே கேட்டது. அப்படியானால் குச்சி கன்னத்தில் பட்டபோது விரல்கள் ஏன் சிலிர்த்தன என்ற கேள்வி மறுபடி திறந்திருக்கிறது.