குளிரிலும் பெட்ரோல் பற்றும்: கியர்பாக்ஸ் கழுவுகிறவர்கள் கவனத்துக்கு

இந்தப் பனிக்காலத்திலும் ஒரு பட்டறையில் தீ. இறக்கி வைத்த கியர்பாக்ஸைத் தட்டில் பெட்ரோல் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்த பையனுக்கு இரண்டு கையும் வெந்துபோயிருக்கிறது. இருபது வயதுகூட ஆகவில்லை. விசாரித்தபோது பட்டறைக்காரர் சொன்ன பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது: "இந்தக் குளிர்ல பெட்ரோல் எங்கண்ணே பத்தப்போகுது?"

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதே பேச்சு காதில் விழுகிறது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு இருந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பெட்ரோல் விடும். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில்கூட வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பெட்ரோலுக்கு அது குளிரே இல்லை. உங்களுக்குக் கை விறைக்கிறது என்பதற்காக அதுவும் விறைத்துப்போய்க் கிடக்கும் என்று நினைக்காதீர்கள்.

உண்மையில் குளிர்காலத்தில்தான் ஆபத்து கூடுகிறது. காரணம் பெட்ரோல் இல்லை, நாம். கதவை இழுத்துச் சாத்துகிறோம். ஷட்டரை முக்கால்வாசி இறக்குகிறோம். மூலையில் இரும்புச் சட்டியில் கரி மூட்டிக் கை காய்கிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்துபோகாது. காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி தங்குகிற மாதிரி தரையோடு படர்ந்து, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பிட்டுக்குள் (குழிக்குள்) இறங்கித் தங்கும். நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். தட்டு ஒரு மூலையில், கரிச்சட்டி இன்னொரு மூலையில் என்றால் நடுவில் இடைவெளி இருப்பதாக நினைக்கிறோம். அந்த இடைவெளியைத்தான் ஆவி நிரப்புகிறது. கரிச்சட்டியே வேண்டாம், கீழே விழுந்து உடைகிற டிராப் லைட் (கையில் தூக்கிப் பிடிக்கிற விளக்கு) பல்பு போதும். கம்ப்ரசர் சுவிட்சில் தட்டுகிற ஒரு பொறி போதும்.

பெட்ரோலை ஏன் தேடுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மலை வண்டியின் கிளட்ச் சீக்கிரம் தேயும். ஏற்றத்தில் பாதி கிளட்சிலேயே நிறுத்திப் பிடிக்கிற ஓட்டுநர்கள்தான் அதிகம். அதனால் கியர்பாக்ஸ் இறக்குகிற வேலை அடிக்கடி வருகிறது. எஸ்டேட் பாதையின் மண்ணும் சீலில் கசிந்த ஆயிலும் சேர்ந்து விரல் தடிமனுக்கு அப்பியிருக்கும். குளிரில் அது கல்லாக இறுகிவிடும். மண்ணெண்ணெயில் தேய்த்தால் நேரம் பிடிக்கிறது, வண்டிக்காரர் வாசலில் நிற்கிறார், பெட்ரோல் பாட்டில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

இதற்குப் பெட்ரோல் தேவையே இல்லை. ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, அழுக்கில் முக்கால் பங்கை முதலில் காய்ந்தபடியே சுரண்டி எடுங்கள். மரச்சில்லு அல்லது பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும். அலுமினிய ஹவுசிங்கில் (கியர்பாக்ஸின் வெளிக்கூடு) இரண்டு பாகங்கள் பொருந்துகிற முகத்தில் உளி வைக்கிற பையனை அப்போதே நிறுத்துங்கள். அந்தக் கீறல் வழியாகத்தான் நாளைக்கு ஆயில் கசியும். வெயில் இருந்தால் ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள், இறுகின அழுக்கு இளகும். பிறகு தண்ணீரில் கலக்கிற டிகிரீசரை (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) வெந்நீரில் கலந்து பூசி, காய விடாமல் பத்து நிமிடம் ஊறவைத்து பிரஷ் போடுங்கள். டிகிரீசர் இல்லையென்றால் மண்ணெண்ணெயோ டீசலோ போதும். இவை பற்றுவதற்கான ஆவியை விடச் சுமார் 35 டிகிரியாவது வேண்டும், பெட்ரோலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் ஏர் கன்னில் போட்டுத் தூவாதீர்கள்: துளித்துளியாகச் சிதறிய டீசலும், டீசலில் நனைந்த பனியன் வேஸ்ட்டும் குளிரிலும் எரியும். எதில் கழுவினாலும் நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கழுவுவதற்கு முன்னால் பிரீதர் (உள்ளே ஏறுகிற அழுத்தம் வெளியேறும் சின்னத் துளை), டிரைவ் ஷாஃப்ட் துவாரங்கள், சென்சார் கனெக்டர் எல்லாவற்றையும் டேப் சுற்றி அடைத்துவிடுங்கள். வாட்டர் வாஷ் கன்னை ஆயில் சீலுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது. உள்ளே போகிற தண்ணீர் பேரிங்கைத் தின்னும். காஸ்டிக் சோடாவை அலுமினிய ஹவுசிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது உலோகத்தை அரிப்பதோடு நில்லாமல், எரியக்கூடிய ஹைட்ரஜனையும் கிளப்பும்.

கிளட்சை மூடியிருக்கிற கூடான பெல் ஹவுசிங்குக்குள் கறுப்பாகப் படிந்திருக்கிற தூசியைப் பற்றிக் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். அதை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். எந்தப் பிளேட்டில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூச்சோடு போன கல்நார் இழை பல பத்தாண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோயாக வரலாம். முகத்தில் கட்டுகிற கைக்குட்டை அதைத் தடுக்காது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஊதுகிற வேலையை எப்போதும் கடைசியாகச் சேர்ந்த பையனிடம்தான் தள்ளுகிறோம் என்பதையும் யோசியுங்கள்.

தீ பிடித்துவிட்டால் பெட்ரோல் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிகிற பெட்ரோல் தண்ணீரோடு மிதந்து பரவும். பவுடர் சிலிண்டர் அல்லது மணல். வெந்த கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், மாவு, மை எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கென்று கோவைக்கு அனுப்பினால் மலைப்பாதை இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டித்தான் போகவேண்டும். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிட்டு, அவர்கள் சொன்ன பிறகு கிளம்புங்கள்.

கழுவின எண்ணெய்த் தண்ணீரை வாசல் ஓடையில் தள்ளுவதையும் நிறுத்துங்கள். இங்கே ஊற்றுகிற எதுவும் கீழே பவானிக்கோ மாயாற்றுக்கோதான் போகிறது. டிரம்மில் பிடித்துவையுங்கள், மேலே மிதக்கிற ஆயிலைப் பழைய ஆயிலோடு சேர்த்து, அதை வாங்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள்.

கியர்பாக்ஸை மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் பிரீதரில் சுற்றின டேப்பைக் கழற்றுங்கள். அதை மறந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதிதாகப் போட்ட சீல் வழியாகவே ஆயில் வெளியே வரும்.