வாயு கசிந்தால் ஓடுவதா, உள்ளேயே இருப்பதா?

மணலி, எண்ணூர் பக்கத்து ஊர்களில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப் போனால், நாங்கள் கொண்டுபோன படங்களையெல்லாம் காட்டி முடித்த பிறகு யாராவது ஒரு அம்மா எழுந்து கேட்டுவிடுவார்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, கேஸு வந்தா ஓடணுமா, வூட்டுக்குள்ளயே இருக்கணுமா?" ரசாயன ஆலைப் பாதுகாப்பில் வேலை செய்கிறவனிடம் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். பதில் ஒரு வரியில் அடங்காது. நச்சு வாயுவுக்கு ஒரு பதில் உண்டு. எரியும் வாயுவுக்கு அதற்கு நேர் எதிரான பதில். வாட்ஸப்பில் சுற்றும் அறிவுரைகள் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகின்றன. "ஈரத்துணி கட்டு, ஜன்னலைத் திற, மெயினை ஆஃப் செய், கதவைச் சாத்து" என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும்.

முதலில் நச்சு வாயு. 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து எண்ணூர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலிலும் மூச்சுத் திணறலிலும் தூக்கம் கலைந்து தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அன்று ஓடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என்ன வாயு, எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் வரும் என்று யாரும் சொல்லாதபோது மனிதர்கள் ஓடத்தான் செய்வார்கள்.

ஆனால் ஓடுகிறவர் இழுக்கும் காற்று, சும்மா உட்கார்ந்திருப்பவர் இழுப்பதைவிடப் பல மடங்கு. ஆலைக்காரர்கள் வால்வை மூடிச் சிறிது நேரத்தில் நிறுத்திவிடக்கூடிய கசிவு என்றால், கதவு ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் நல்லது. வெளிக்காற்று உள்ளே புக நேரம் பிடிக்கும். உள்ளே அளவு ஏறுவதற்குள் வெளியே இருக்கும் வாயு மேகம் கடந்துபோய்விடும். எக்ஸாஸ்ட் ஃபேன், ஏ.சி. இரண்டையும் நிறுத்த வேண்டும். கதவின் அடியிடுக்கில் நனைத்த துண்டைத் திணிக்க வேண்டும். மாடி இருந்தால் மாடியறைக்குப் போக வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசானது என்று பாடப்புத்தகத்தில் படித்ததை நம்பி மாடிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மைனஸ் 33 டிகிரியில் திரவமாக இருப்பது பீறிட்டு வெளியே வரும்போது, குளிர்ந்த வெண்மூட்டமாகத் தரையோடு தரையாகத்தான் நகரும். வெயில்பட்டுச் சூடேறிய பிறகுதான் மேலே போகும்.

இதில் பெரும்பாலானவர்கள் சொல்ல மறப்பது அடுத்த பாதியை. மேகம் கடந்த பிறகு கதவு ஜன்னல்களையெல்லாம் உடனே திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மெதுவாக உள்ளே புகுந்த வாயு, வெளியேறவும் அதே அளவு மெதுவாகத்தான் வெளியேறும். வெளியே காற்று சுத்தமான பிறகும் சாத்திய வீட்டுக்குள்ளேயே இருந்தால், வெளியே நின்றவர்கள் சுவாசித்ததில் பெரும்பகுதியை நீங்களும் சுவாசித்திருப்பீர்கள்.

சரி, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. இந்த வீட்டில் எதைச் சாத்துவது? 'உள்ளேயே இருங்கள்' என்ற விதி, ஜன்னலை இறுக்கமாகச் சாத்தி வாழும் குளிர் நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே தமிழில் அச்சடித்துக் குப்பத்தில் விநியோகிப்பது கண்துடைப்பு என்பதே என் கருத்து. அப்படிப்பட்ட தெருவில், பக்கத்தில் இருக்கும் கான்கிரீட் வீடு, பள்ளிக்கூடம், கோயில் மண்டப அறை என்று எது இறுக்கமாகச் சாத்தக்கூடியது என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் காற்றுக்குக் குறுக்காக நடையைக் கட்ட வேண்டும்.

அந்தக் 'குறுக்காக' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாயு மேகம் காற்றோடு ஒரு நீண்ட பட்டையாகப் போகும். அகலம் குறைவு, நீளம் அதிகம். காற்று போகும் திசையிலேயே ஓடினால் மேகமும் உங்களோடு வரும். எதிர்த்திசையில் ஓடினால் கசிவுக்கே போய்ச் சேரலாம். பக்கவாட்டில் போனால் சில நூறு மீட்டரிலேயே பட்டையின் ஓரத்துக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. காற்றின் திசையைப் பார்க்க ஆலைக்குள் உயரத்தில் காற்றுப்பை கட்டியிருப்போம். ஊருக்குள் கொடிக்கம்பம், தென்னை ஓலை, புகைபோக்கிப் புகை போதும். கடலோரத்தில் பகலில் கடலிலிருந்து கரைக்கும், இரவில் கரையிலிருந்து கடலுக்கும் காற்று மாறும் என்பதை மீனவர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள்தான் எங்களுக்குச் சொல்வார்கள்.

இனி எரியும் வாயு. மேலே சொன்னதையெல்லாம் இங்கே தலைகீழாக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். பள்ளம், சாக்கடை, கதவிடுக்கு எதையும் விடாமல் தாழ்வாகப் பரவும். காற்றில் வெறும் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சின்ன அறை முழுக்க எரியத் தயாரான காற்றாக மாற அந்த ஒரு லிட்டரே போதும். இந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால், தானாக ஓடி நிற்கும் ஃப்ரிட்ஜின் ஒரு பொறி வீட்டையே தூக்கிவிடும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பொறி இரண்டிலும் வரும். பைக்கை உதைத்துக் கிளப்பக்கூடாது. செல்போனைத் தூரப் போய்ப் பேசுங்கள். நடந்தே, மேடான பக்கமாக, காற்று வரும் திசையை நோக்கிப் போக வேண்டும். அந்தத் திசையில்தான் டேங்கர் நிற்கிறது என்றால் பக்கவாட்டில்.

2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எல்.பி.ஜி.யோடு புல்லட் டேங்கர் கவிழ்ந்தது. தீயணைப்பு வீரர்கள் இடைவிடாமல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், மின்சாரம் துண்டிக்கப்பட்டது, போக்குவரத்து திருப்பி விடப்பட்டது, பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். டேங்கரைப் பத்திரமாக அப்புறப்படுத்தினார்கள், ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒன்றும் நடக்காததால் இரண்டு நாளில் மறந்துபோனோம். அதற்கு இரண்டே வாரம் முன்பு, 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூர்–அஜ்மீர் நெடுஞ்சாலையில் எல்.பி.ஜி. டேங்கர் மீது லாரி மோதி, கசிந்த வாயு பற்றிக்கொண்டு, வரிசையில் நின்ற வாகனங்களெல்லாம் எரிந்தன. கண்ணூர் சாலாவில் 2012 ஆகஸ்டில் கவிழ்ந்த டேங்கரால் சாலையோர வீடுகளிலேயே சுமார் 20 பேர் இறந்தார்கள். கோவையில் அதே பொருள்தான் இருந்தது. பொறி மட்டும் கிடைக்கவில்லை, கிடைக்க விடவும் இல்லை.

டேங்கரில் தீயே பிடித்துவிட்டால் கணக்கு வேறு. கசிவை நிறுத்த வழியில்லாமல் நெருப்பை மட்டும் அணைப்பது தவறு. எரியாமல் வெளியேறும் வாயு எங்காவது சேர்ந்து இன்னொரு தடவை வெடிக்கும். அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் சில சமயம் நெருப்பை எரியவிட்டு டேங்கை மட்டும் குளிர்விக்கிறார்கள். 'சும்மா நின்னு வேடிக்கை பாக்குறாங்க' என்று வீடியோ போடுகிறவர்கள் கவனிக்க. தீப்பிடித்த டேங்கருக்கு எல்லாத் திசையிலும் 1,600 மீட்டர் விலகல் என்பது பல நாடுகளில் பின்பற்றும் அளவு. சேஃப்டி வால்வின் சீற்றம் உரக்கத் தொடங்கினால் வீரர்களே பின்வாங்க வேண்டும்.

இரண்டு குணமும் சேர்ந்த வாயுக்கள்தான் எங்களையே திணறடிப்பவை. அம்மோனியா எரியும், ஆனால் காற்றில் 15 சதவீதம் சேர்ந்தால்தான். திறந்தவெளியில் அந்த அளவுக்குச் சேருமுன்பே அது ஆளை முடித்துவிடும். ஆகவே வெளியே அது முதலில் நச்சு. ஐஸ் ஃபேக்டரியின் அடைத்த கம்ப்ரசர் அறைக்குள் அதே அம்மோனியா வெடிக்கவும் கூடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். பாதாளச் சாக்கடை, தோல் கழிவுத் தொட்டி, சுத்திகரிப்பு ஆலை என்று எல்லா இடத்திலும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் மிகக் குறைந்த அளவிலேயே தெரியும். 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். 'நாத்தம் போயிடுச்சு, இனி இறங்கலாம்' என்று ஒருவர் சொன்னால் அவரைத் தடுத்துப் பிடியுங்கள்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிவாயு மானி 'எரியும் தாழ் வரம்பில்', அதாவது வாயு பற்றிக்கொள்ளக் காற்றில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச அளவில், எத்தனை சதவீதம் என்றுதான் காட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடின் தாழ் வரம்பு 4 சதவீதம், அதாவது 40,000 பி.பி.எம். மானியில் 1 என்று தெரிந்தால் அங்கே இருப்பது 400 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவே 100தான். அம்மோனியாவுக்கு மானியின் 1 என்பது 1,500 பி.பி.எம்., ஆபத்து அளவு 300. அலாரம் 10இல் வைத்திருப்பார்கள். மானி கத்தாமல் இருக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். நச்சு வாயுவுக்குத் தனி சென்சார் இல்லாத மானியை நம்பி, வேலைக்கு இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவது, அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவது. கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளில் எப்போதும் இந்த வரிசைதான். அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர். முதுகில் காற்று சிலிண்டர் சுமக்கும் பி.ஏ. செட் இல்லாமல் இறங்கவே கூடாது. கேனிஸ்டர் மாஸ்க் ஆக்சிஜனைத் தராது, குறிப்பிட்ட வாயுவைக் குறிப்பிட்ட அளவுவரை வடிகட்டும், அவ்வளவே. ஈரத்துணியும் அப்படித்தான். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் தப்பித்து வெளியேறும் சில நிமிடங்களுக்கு உதவும். எல்.பி.ஜி.க்கோ, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீனுக்கோ ஈரத்துணியால் பயன் இல்லை. அம்மோனியா மேகத்தைத் தண்ணீர்த் திரை போட்டு அடக்கலாம், ஆனால் தேங்கிக் கிடக்கும் அம்மோனியா திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து இன்னும் அதிகமாக ஆவியாகும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், நனைந்த உடையைக் கழற்ற வேண்டும். நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலைத் தொட்டியிலிருந்து கிளம்பிய ஸ்டைரீன் ஆவியும் நச்சு, எரியும், காற்றைவிடக் கனம். மக்கள் ஓடிய இடத்திலேயே சாலையிலும் வாய்க்காலிலும் சுருண்டு விழுந்தார்கள், 12 பேர் இறந்தார்கள். அது சில நிமிடக் கசிவு இல்லை, மணிக்கணக்கில் தொடர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பது அவ்வளவு நேரத்துக்குத் தாங்காது. அங்கே மக்களைத் திசை சொல்லி வெளியேற்றியிருக்க வேண்டும். ஆனால் சைரன்கூட ஒலிக்கவில்லை. போபாலிலும் ஊருக்கான சைரன் ஒலித்த சிறிது நேரத்தில் நிறுத்தப்பட்டது.

பெரிய ஆபத்துள்ள ஆலை, சுற்றியிருக்கும் மக்களுக்கு என்ன ஆபத்து, என்ன செய்யவேண்டும் என்று சொல்லியாக வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் அபாய ரசாயன விதிகளிலேயே இருக்கிறது. ஆலைக்கு வெளியே ஊரைக் காப்பதற்கான, மாவட்ட அளவிலான வெளிவளாக அவசரத் திட்டமும், ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகையும் அதே விதிகளில் உண்டு. கிராம சபையில் கேளுங்கள்: எந்த வாயு, சைரன் எத்தனை விதம், எந்த ஓசைக்கு உள்ளே, எந்த ஓசைக்கு வெளியே. 112க்கோ 101க்கோ போன் செய்யும்போது இடம், நாற்றம், காற்றின் திசை, டேங்கர் என்றால் அதன் பின்பலகையில் இருக்கும் நாலு இலக்க எண் ஆகியவற்றைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லுங்கள். 1075 என்றால் எல்.பி.ஜி., 1005 அம்மோனியா, 1017 குளோரின். வீட்டு சிலிண்டர் கசிவுக்கு 1906.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். போபால், விசாகப்பட்டினம், எண்ணூர், கோவை எல்லாமே இருட்டில் நடந்தவை. இரவில் காற்று அசையாமல் இருக்கும்போது வாயு கலையாமல் தரையோடு கிடக்கும், ஊரும் தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் ஒத்திகைகளோ பெரும்பாலும் பகல் 11 மணிக்கு, அதிகாரிகள் வந்து சேர்ந்த பிறகு, வளாகத்துக்குள்ளேயே நடந்து, டீ பிஸ்கட்டோடு முடிகின்றன. அடுத்த ஒத்திகையை இரவு 2 மணிக்கு, ஊருக்குள் நடத்தச் சொல்லி மனு கொடுங்கள்.