கண்ணிவாரியா, கண்ணிவெடி வாரியா?

கடலில் வைத்த கண்ணிவெடிகளை அகற்றும் மைன்ஸ்வீப்பர் கப்பலைத் தமிழில் கண்ணிவாரி என்று எழுதுவோர் உண்டு. நல்ல ஆக்கம்தான், ஆனால் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் அது குழப்பும், ஏனெனில் அங்கே கண்ணி என்றால் வலைக்கண்ணி. வயல்பக்கம் அதே சொல் மடையான் என்னும் கொக்கைப் பிடிக்க நைலான் இழையில் போடும் சுருக்கைக் குறிக்கும். கண்ணிவெடி இந்தச் சுருக்கிலிருந்து வந்த சொல்.

ஆங்கிலத்து மைன், கோட்டைச் சுவருக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தைக் குறித்து, பின்பு அதில் வைத்த வெடிக்கும், அதன்வழிக் கடலில் வைக்கும் வெடிக்கும் பெயரானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடல்வெடியை டார்பிடோ என்றார்கள். அது மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனின் லத்தீன் பெயர்.

வாரி என்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறக்குமுன் வாய்க்காலில் தூர் வாருகிறார்களே, அந்த வாருதல்தான். தொடக்கத்தில் கடலிலும் உண்மையாகவே வாரினார்கள்: கப்பல் இழுத்துச் செல்லும் கம்பிவடத்திலுள்ள வெட்டிகள், வெடியை நங்கூரத்தோடு பிணைத்த கயிற்றை அறுக்கும், மேலே மிதந்து வரும் வெடியைச் சுட்டு அழிப்பார்கள். அந்த வடத்தைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிப்பது, விசைப்படகின் இழுவலை வாயை விரிக்கும் பலகையின் அதே வேலை. முதல் உலகப்போரில் பிரிட்டன் இப்பணிக்கு இழுவலைப் படகுகளையும் மீனவர்களையும் சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை.

கப்பலின் காந்தப்புலத்தையோ ஒலியையோ உணர்ந்து, தொடாமலே வெடிக்கும் கண்ணிவெடிகள் வந்தபின் வாரும் கப்பலுக்கே ஆபத்து கூடியது. ஹெலிகாப்டரோ நீருக்கு மேலே இருப்பது. 1972-இல் வட வியட்நாமின் ஹைபாங் துறைமுகத்தில் தானே இட்ட கண்ணிவெடிகளை, போர்நிறுத்த உடன்பாட்டின்படி அமெரிக்கா 1973-இல் அகற்றியபோது சிஎச்-53 ஹெலிகாப்டர்கள் மார்க் 105 என்னும் மிதவையை இழுத்தன. வேகம் கூடியதும் மிதவை தன் நீர்ச்சிறகுகளில் எழும்பி ஓடும். அதிலுள்ள, எரிவாயுச்சுழலியால் ஓடும் மின்னாக்கி, பின்னால் நீளும் வடத்தின் மின்முனைகள் வழியே கடல்நீரில் மின்னோட்டம் பாய்ச்ச, எஃகுக் கப்பல் கடப்பதுபோன்ற காந்தப்புலம் உருவாகி வெடி ஏமாறும். பிற்காலத்தில் சிறிய எம்எச்-60எஸ் ஹெலிகாப்டரை இழுவைக்குப் பயன்படுத்த முயன்று, அதன் விசை பாதுகாப்புக்குப் போதாதென்று கைவிட்டார்கள்.

இங்கே எதுவும் வாரப்படுவதில்லை, ஏய்க்கப்படுகிறது. ஆனாலும் தடம் துப்புரவாவதால் வாரி என்ற பெயரை மாற்ற வேண்டியதில்லை. கண்ணியைத்தான் தனியே விடக்கூடாது. கடற்கண்ணிவெடி வாரி என்று முழுமையாக எழுதுவதே நம் கரைக்குப் பொருந்தும். ஹெலிகாப்டர் இழுக்கும் கருவியை ஹெலிகாப்டர் இழுவைக் கண்ணிவெடி வாரி எனலாம். ஒலியலையால் நீருக்கடியில் தேடும் சோனாரால் ஒவ்வொரு வெடியாகக் கண்டுபிடித்து அழிக்கும் மைன்ஹண்டர் வேறு வகை. அதற்குக் கண்ணிவெடி வேட்டைக் கப்பல் என்பது பொருந்தும். இந்தியக் கடற்படையில் 2018-இல் ஓய்வுபெற்ற ஐஎன்எஸ் கடலூரும், 2019-இல் கடைசியாக விடைபெற்ற ஐஎன்எஸ் கோழிக்கோடும் வாரிகளே.