கிளிமீன் குடலில் மணல் எப்படி வந்தது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காசிமேட்டில் கிளிமீன் வாங்கினோம். ஆயும்போது குடல் முழுக்க வெள்ளை மணல். எடை ஏற்ற மண்ணை அடைத்து விற்கிறார்களா?"

மீன்காரம்மாவோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். அடைத்தது மீனேதான். (கேரளத்தில் கிளிமீன் என்றால் நம்ம சங்கரா. நான் சொல்வது பச்சையும் நீலமுமாக, கிளிமூக்கு வைத்த மீனை.)

இதன் ஊர் பவளப்பாறை. பள்ளியில் படித்ததுதான்: குட்டிக் குட்டி உயிரிகள், அவற்றின் உடம்புக்குள் பாசி, அடியில் சுண்ணாம்புக் கூடு. கூட்டின்மேல் கூடு சேர்ந்து பாறையாகிறது. பாசிக்கு வெயில் வேண்டும் என்பதால், ஆற்றுச் சேறு கலங்கிய எண்ணூர்ப் பக்கம் பெரிய திட்டாக அது வளராது. மன்னார் வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும். மண்ணடி பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் வியாபாரமான சிவப்புப் பவளம் வேறு, மத்தியதரைக் கடல் சரக்கு. அதைச் செவ்வாய் தோஷத்துக்கு மோதிரத்தில் பதிக்கிறார்கள். செவ்வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தப் பூச்சிக்குத் தெரியுமா, பாவம்!

சரி, மீனுக்கு வருவோம். அதன் மூக்கு, பற்கள் ஒட்டி உருவானது. ஒரு வகைக் கிளிமீனுக்குச் சுமார் 1000 பற்கள், 15 வரிசைகளில். அதை வைத்துப் பாறையைச் சுரண்டுகிறது, கடிக்கிறது. பெரும்பாலான கிளிமீன்களுக்குக் குறி பவளம் அல்ல. செத்த பவளத்தின் மேலும் உள்ளேயும் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாசியும் நுண்ணுயிரும்தான். ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு வாய்க் கல்லையும் சேர்த்து விழுங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கல்லை அரைக்கத் தொண்டைக்குள் ஓர் அம்மி வைத்திருக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை. கீழே பல் பதித்த ஓர் எலும்பு, மேலே பல் பதித்த இன்னொன்று. மேலது குழவி மாதிரி முன்னும் பின்னும் ஓடி, பாறைத்துண்டை மாவாக்குகிறது. நம் அம்மி வழுவழுப்பானால் தெருவில் "அம்மி கொத்தலையோ" குரலுக்குக் காத்திருந்தோம். இதற்கு அந்தக் கவலையும் இல்லை: ஒரு முனையில் பல் தேயத் தேய, மறுமுனையிலிருந்து புதுவரிசை நகர்ந்து வருகிறது. வாழ்நாள் முழுக்கத் தன்னையே கொத்திக்கொள்ளும் அம்மி!

இன்னொரு வேடிக்கை, கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. நமக்கு இருப்பதுபோல அமிலப் பை இருந்து, அதற்குள் இவ்வளவு சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும்? கோலிசோடாதான். அரைத்த மாவு நேராகக் குடலுக்குப் போகிறது. சத்து உறிஞ்சப்பட்டதும் மீதி வெண்மணலாக வால்பக்கம் கொட்டுகிறது. பெரிய மீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ கொட்டும். மாலத்தீவின் வக்காரு தீவைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு, அங்கே பாறையில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் போட்டது என்றது. தேனிலவுக்குப் போகிறவர்கள் காலை நீட்டிப் படுப்பது எதன்மேல் என்று இப்போது புரிகிறதா?

மணலின் அருமையை ராயபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலை மறித்தது. மெரினா அகலமானது, நமக்குக் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் மிஞ்சியது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளில் 2 மூழ்கிப்போனதற்கு, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியது முக்கியக் காரணம். கல் கொட்ட ஒதுக்கும் பணத்தில் ஒரு துளி, கடலுக்குள் மூழ்கி மீன் எண்ணும் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் போகலாம் என்பது என் கட்சி.

வாசகிக்கு ஒரு வேலை. அடுத்தமுறை அந்தக் குடல்மணலைக் கழுவிக் காயவைத்து, எலுமிச்சை பிழிந்து பாருங்கள்: பொசுபொசுவென்று நுரைக்கும். பக்கத்திலேயே ஒரு சிட்டிகை காசிமேட்டு மணலையும் வையுங்கள். அது ஆற்று மணல். கிளிஞ்சல் துணுக்கு கலந்திருந்தால் ஒழிய, சும்மா கிடக்கும்.