ஏபிசிடி சொல்கிறான், தண்ணீர் கேட்கத் தெரியவில்லை

மே மாதம் வந்தால் பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் இடம் இருக்காது. எல்.கே.ஜி. சேர்க்கப் போன இடத்தில், "பிள்ளை இன்னும் சரியாப் பேசலையே, ஒருமுறை காட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பதினொரு வருடமாகப் பேச்சுப் பயிற்சிதான் என் வேலை. உள்ளே வந்து உட்காரும் அம்மாக்கள் பலரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அவனுக்கு எல்லாம் தெரியும் மேடம், பேசத்தான் மாட்டேங்கிறான்."

காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது மூன்றும் நான்கு மாதமும். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அம்மாவுக்கு எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. பகல் முழுக்க ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், இருக்கிறான். ஆயா விடியற்காலையில் மீன் வியாபாரத்துக்குப் போய்வந்து, சமைத்து, துவைத்து, இவனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போனைக் கையில் கொடுத்தால் ஓர் இடத்தில் உட்காருகிறான்.

என் அறையில் அவன் 'ஏ ஃபார் ஆப்பிள்' தொடங்கி கடைசி எழுத்துவரை தடங்கலில்லாமல் சொன்னான், கார்ட்டூனில் வரும் அதே ராகத்தில். நிறங்கள் தெரிந்தன. இருபதுவரை எண்ணினான். அறுகோணத்தைக் காட்டினால் 'ஹெக்ஸகன்' என்றான். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அப்புறம் சோப்புக் குமிழி ஊதும் டப்பாவை எடுத்தேன். ஒருமுறை ஊதிவிட்டு மூடியை இறுக்கி மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் மூடியின்மேல் வைத்தான், சாவியைப் பூட்டில் வைப்பதுபோல. நான் காத்திருந்தேன். 'ஊது' வரவில்லை, 'தா' வரவில்லை, ஒரு பார்வைகூட வரவில்லை. படப்புத்தகத்தைக் கொடுத்தேன். யானைமேல் விரலை வைத்து இடப்பக்கமாகத் தள்ளினான். படம் நகரவில்லை. இன்னொருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டான்.

"தாகம் எடுத்தா என்ன பண்ணுவான்?" என்று அம்மாவிடம் கேட்டேன். "அழுவான் மேடம். நாங்களே புரிஞ்சிக்கிட்டு குடுத்துருவோம்."

எல்.கே.ஜி. வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒருவன் அழுதால், எதற்கு அழுகிறான் என்று அந்த மிஸ் எப்படிக் கண்டுபிடிப்பார்? பக்கத்துப் பள்ளிகளில் உள்ள மிஸ்களிடம், ஜூன் மாதம் ஒரு பிள்ளை என்ன தெரிந்து வந்தால் போதும் என்று கேட்டிருக்கிறேன். ஏபிசிடி தெரிய வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். தண்ணீர், பாத்ரூம் இரண்டையும் கேட்கத் தெரிய வேண்டும். தன் முறை வரும்வரை பொறுக்க வேண்டும். டிபன் டப்பாவைத் திறந்து தானே சாப்பிட வேண்டும். எழுத்தைச் சொல்லிக்கொடுக்கத்தானே நாங்கள் இருக்கிறோம் என்பார்கள்.

பேச்சு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆறு மாதக் குழந்தை 'ஆ' என்கிறது. அம்மா "என்னடா தங்கம்?" என்று கேட்டுவிட்டு அதன் முகத்தைப் பார்க்கிறாள். அது மறுபடி ஏதோ சத்தம் போடுகிறது. வாங்கிக் கொடுத்து, கொடுத்து வாங்கி, அப்படித்தான் பேச்சு வளர்கிறது. நடுவில் அம்மா நிறுத்துகிறாளே, அந்த இரண்டு நொடிதான் குழந்தையின் முறை. போன் நிறுத்தாது. குழந்தை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் பட்ரீஷியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியில் விளையாட்டுக் காட்டினார்கள், மொத்தம் 12 முறை. நேரில் ஆள் உட்கார்ந்து பேசிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதை வீடியோவில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. குரலும் சொற்களும் ஒன்றுதான், எதிரில் ஆள் இல்லை, அவ்வளவுதான். துபாயிலிருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசலாமா என்று கேட்கிறவர்களிடம் தாராளமாகப் பேசுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். அந்தத் திரைக்குப் பின்னால் பதிலுக்குக் காத்திருக்கும் ஓர் ஆள் இருக்கிறார்.

அளவு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குள் கூடாது என்றுதான் சொல்கிறது. இதைச் சொன்னதும் எதிரில் இருக்கும் அம்மா கணக்குப் போடத் தொடங்குவார்: காலை இட்லிக்கு, மதியம் சோறுக்கு, நான் குளிக்கிற நேரத்துக்கு, ராத்திரி தூங்கவைக்க. எண்ணி முடிப்பதற்குள் கண் கலங்கிவிடும். அந்தக் கண்ணீர் எனக்கு வேண்டாம். பத்துக்குப் பத்து அறை, வாசலை ஒட்டி பைக்கும் ஆட்டோவும் ஓடும் சந்து, வேலைக்குப் போயே ஆகவேண்டிய நிலை. பிள்ளையை வெளியே விட இடமில்லாத ஊரில் போனைக் கொடுத்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. மாற்ற முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். முதலில் சாப்பாட்டு நேரம் மட்டும். போனைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பிள்ளைக்கு எதை மெல்லுகிறோம், வயிறு எப்போது நிறைந்தது என்று தெரிவதில்லை. பள்ளிக்குப் போனதும் டிபன் அப்படியே திரும்பி வரும். நிறுத்தினால் மூன்று நான்கு நாள் அழும், இரண்டு வேளை குறைவாகச் சாப்பிடும். வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தால் அந்த வாரம் கடந்துவிடும். ஆயாவுக்கும் அத்தைக்கும் முன்பே சொல்லிவையுங்கள். அடுத்தது, தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொரு மணிவரை போன் பார்த்த பிள்ளை காலை வகுப்பில் எதைக் கவனிக்கும்? யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது நம் பேச்சு தானாகக் குறைகிறது.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே வரும். எல்.கே.ஜி.யில் சேர வேண்டும் என்பதற்காகப் பிள்ளையிடம் அரைகுறை ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது. தமிழ் வீடு தமிழில் பேசட்டும், தெலுங்கு வீடு தெலுங்கில், உருது வீடு உருதுவில். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் நீங்கள் கொஞ்சவும் கதை சொல்லவும் கேள்வி கேட்கவும் முடியும்.

அந்தக் காசிமேட்டுப் பையனுக்கு முதலில் காது பரிசோதனை செய்தோம். கேட்கும் திறன் நன்றாக இருந்தது. பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் அதுதான் முதல் வேலை. எல்லாப் பழியையும் போன்மேல் போட்டுவிட்டு, காது கேளாமையையோ ஆட்டிசத்தையோ தவறவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது என்று பயப்படவும் வேண்டாம், போனை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடவும் வேண்டாம். பேர் சொன்னால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லாத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்க்காத குழந்தை, பேசிக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்திய குழந்தை: இவர்களை உடனே காட்டுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று ஒரு வருடத்தை விட்டுவிடாதீர்கள். அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் இலவசப் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள்.

அவன் வந்தது ஏப்ரல் மாதம். 15ஆம் தேதி தொடங்கி ஜூன் 14வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்பா வீட்டில் இருக்கும் நாட்கள் அவைதான், பள்ளி திறப்பதற்குச் சற்று முன்னால். வருமானம் இல்லாத மாதங்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்: தினமும் சாயங்காலம் அரை மணி நேரம், போன் இல்லாமல், இவனோடு. அப்பா வலை பின்னும்போது பக்கத்தில் உட்காரவைத்து, நூலைப் பிடிக்கச் சொல்லி, "பிடி", "விடு" என்று பழக்கினார். துணி கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது அவன் வேலை ஆனது. கிரேயான் பிடிக்க வேண்டிய விரல்களுக்கு அதுதான் பயிற்சி.

ஆயாவிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. கூடையில் மீதமான மீனைக் கழுவும்போது அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பேர் சொல்லி, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். ஆயாவுக்கு அந்த ஐந்துதான் கஷ்டமாக இருந்தது. "வாய வச்சிக்கினு சும்மா இருக்க முடியலியே கண்ணு" என்றார். ஆனாலும் செய்தார். சங்கரா, வவ்வால், நெத்திலி, கானாங்கத்தை என்று தினமும். ஐந்தாவது வாரம் ஒருநாள் ஆயா கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, பேர் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறார். பையன் மீனைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "ஆயா, எறா" என்றானாம். இதைச் சொல்ல அன்றைக்கே கிளம்பி, மீன் வாசனை மாறாத புடவையோடு என் அறைக்கு வந்துவிட்டார்.

ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்தான். இன்னும் மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை, கிரேயானை முஷ்டியில்தான் பிடிக்கிறான். வியாழக்கிழமைதோறும் வருகிறான். போன வாரம் குமிழி டப்பாவை மூடி மடியில் வைத்தேன். என்னைப் பார்த்து, "மிஸ், தெற" என்றான்.