எந்த வட ஆற்காடு, எந்தப் பப்ளிக் கீ?

வாலாஜாவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. தாத்தா வாங்கியபோது எழுதிய கிரயப் பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கும். 1991இல் போட்ட பாகப் பத்திரத்தில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'. பிறகு எடுத்த வில்லங்கச் சான்றில் 'வேலூர் மாவட்டம்'. இப்போது பட்டாவில் 'ராணிப்பேட்டை மாவட்டம்'. நிலம் ஓர் அடிகூட நகரவில்லை.

புதிய பத்திரம் எழுதப் போனபோது பத்திர எழுத்தர் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, "வெறும் வட ஆற்காடுன்னு போட்டா எந்த வட ஆற்காடுன்னு எவனுக்குத் தெரியும் சார்?" என்றார். நியாயமான கேள்வி. 1911க்கு முன் அந்தப் பெயருடைய மாவட்டத்துக்குத் தலைநகரம் சித்தூர். 1989 வரை திருவண்ணாமலையும் அதற்குள் இருந்தது. அதன்பின் இல்லை. 2019இல் மிச்சம் இருந்ததும் மூன்றாகப் பிரிந்தது. இன்றைக்கு ஆற்காடு ஊரே வேலூர் மாவட்டத்தில் கிடையாது.

அன்று சாயங்காலம் காட்பாடியில் படிக்கும் அக்கா மகன் லேப்டாப்போடு வந்து நின்றான். "மாமா, பப்ளிக் கீ கரெக்டு, சிக்னேச்சரும் கரெக்டு. ஆனா செல்லாதுன்னே வருது." பிட்காயின் என்ற மின்னணுப் பணத்தை அனுப்பும்போது போடும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சின்ன நிரல் அது. எந்தப் பப்ளிக் கீ என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. பப்ளிக் கீ என்றால் பப்ளிக் கீதானே?

பிட்காயினில் தனித் திறவுகோல் என்பது ரகசியமாக வைத்திருக்கும் ஒரு மாபெரும் எண். அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரு வளைகோட்டின் மேல் ஒரு புள்ளியை அடைகிறோம். அந்தப் புள்ளிதான் பொதுத் திறவுகோல், பையன்கள் வாயில் பப்ளிக் கீ. ரகசிய எண்ணை வைத்துக் கையொப்பம் போடுகிறோம்; அது சரியா என்று இந்தப் புள்ளியை வைத்து யாரும் பார்க்கலாம். எண்ணிலிருந்து புள்ளிக்கு நொடியில் போகலாம்; புள்ளியிலிருந்து எண்ணுக்குத் திரும்ப நடைமுறையில் வழி இல்லை. வளைகோட்டின் சமன்பாடு பார்க்கச் சாதுவானது: ஒய்² = எக்ஸ்³ + 7. பெயர் செக்பி256கே1. இதில் ஒரே விசேஷம், கணக்கு முழுவதும் கடிகார முறையில் நடக்கிறது: ஒரு பெரிய பகா எண்ணைத் தாண்டினால் மறுபடி 0இலிருந்து தொடங்கும். நிஜத்தில் அந்தப் பகா எண்ணுக்கு 78 இலக்கம்.

நமக்கு 17 போதும். எக்ஸ் 1 என்று வைத்தால் வலப்பக்கம் 1 + 7 = 8. எதன் வர்க்கம் 8 வரும்? 5 × 5 = 25, அதில் 17 போனால் 8. இன்னொன்றும் உண்டு: 12 × 12 = 144, அதில் 136 போனால் அதே 8. ஆக ஒரே எக்ஸுக்கு இரண்டு புள்ளிகள், (1, 5), (1, 12). இரண்டு ஒய்யையும் கூட்டினால் 17. ஒற்றைப்படை எண்ணை இரண்டாகப் பிரித்தால் ஒன்று ஒற்றையாகவும் ஒன்று இரட்டையாகவும்தானே இருக்கும்? 78 இலக்கப் பகா எண்ணிலும் இதே கதைதான். அதனால் ஒரு புள்ளியைக் குறிக்க ஒய்யை முழுசாக எழுத வேண்டிய அவசியமில்லை. எக்ஸைச் சொல்லி, 'ஒய் ஒற்றையா இரட்டையா' என்று மட்டும் சொன்னால் மிச்சத்தைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். பிட்காயினை உருவாக்கிய சதோஷி 2009இல் வெளியிட்ட மென்பொருள் புள்ளியை முழுசாக எழுதியது: முதலில் 04 என்று ஒரு பைட், பிறகு எக்ஸ் 32 பைட், ஒய் 32 பைட். மொத்தம் 65. 2012இல் வந்த 0.6 பதிப்பிலிருந்து சுருக்க வடிவம் வழக்கமானது: ஒய் இரட்டை என்றால் 02, ஒற்றை என்றால் 03, அதன்பின் எக்ஸ். மொத்தம் 33. பிப் 340 என்ற வரையறை ஆவணம் இன்னும் ஒரு பைட்டை மிச்சம் பிடித்தது. ஒய் எப்போதும் இரட்டை என்று எல்லாரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டுவிட்டால் 02, 03 எதற்கு? வெறும் எக்ஸ், 32 பைட். 2021 நவம்பரில், பிட்காயின் பதிவேடான பிளாக்செயினின் 709632ஆம் பிளாக்கில், டாப்ரூட் என்ற விதி மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது இந்த வடிவமும் புழக்கத்துக்கு வந்தது.

65, 33, 32. மூன்றையும் பேச்சில் பப்ளிக் கீ என்றே சொல்கிறார்கள்.

மருமகன் செய்த காரியத்துக்கு வருவோம். நிரல் 32 பைட் கேட்டது, அவன் கையில் 33 இருந்தது. ஒன்று அதிகம் என்று கடைசி பைட்டை வெட்டிவிட்டான்! வெட்ட வேண்டியது தலையில் இருந்த 02ஐ. வாலை வெட்டியதால் கிடைத்தது வேறு ஏதோ ஒரு எண். அப்படி இஷ்டத்துக்குக் கிடைக்கும் எண்களில் ஏறக்குறைய பாதிக்கு வளைகோட்டில் புள்ளியே இருக்காது.

இது கண்ணில் படுகிற தவறு. படாதவையும் உண்டு. பணம் வாங்கக் கொடுக்கும் பழைய வகை முகவரி, பொதுத் திறவுகோலை இரண்டு முறை ஹேஷ் செய்து (அதாவது பைட்களை அரைத்துக் குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு சுருக்கமாக்கி) கிடைக்கும் 20 பைட்டிலிருந்து வருகிறது. ஹேஷுக்குப் புள்ளி தெரியாது, பைட்தான் தெரியும். ஆகவே ஒரே ரகசிய எண், ஒரே புள்ளி, ஆனால் 65 பைட் வடிவத்திலிருந்து ஒரு முகவரி, 33 பைட் வடிவத்திலிருந்து முற்றிலும் வேறொரு முகவரி. தவறான வடிவத்தில் தேடினால் இருப்பு பூஜ்யம் என்று காட்டும், பணம் பக்கத்து முகவரியில் பத்திரமாக இருக்கும். ஏற்றுமதி செய்த தனித் திறவுகோல் 5 என்று தொடங்கினால் முழு வடிவம், கே அல்லது எல் என்று தொடங்கினால் சுருக்க வடிவம் என்று அடையாளம் வைத்ததே இதற்காகத்தான்.

32 பைட் வடிவத்துக்கு வேறொரு குணம். எக்ஸ் மட்டும் தெரிந்தால் இரண்டு புள்ளிகள் என்று பார்த்தோம்; அப்படியானால் அதற்குப் பொருந்தும் ரகசிய எண்களும் இரண்டு. ஒய் ஒற்றையாக வரும் எண் நம்மிடம் இருந்தால், கையொப்பமிடும்போது அதன் இணையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை செய்வதாக இருந்தால் சுலபம். டாப்ரூட்டில் அதோடு முடிவதில்லை: ஒரு திறவுகோலை எடுத்து, அதன்மேல் செலவு விதிகளிலிருந்து வந்த ஒரு புள்ளியைக் கூட்டி, இன்னொரு திறவுகோல் செய்கிறார்கள். கூட்டியபின் ஒய் மறுபடி ஒற்றையாகலாம். சில வகைச் செலவுகளில் அந்த ஒற்றை-இரட்டைத் தகவலை ஒரு பிட்டில் தனியாகச் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஒரு பைட்டை மிச்சம் பிடித்த கைக்கு இந்த வேலை தேவையா என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

பிப் 341 செய்த நல்ல காரியம், கூட்டுவதற்கு முந்தையதை உள் திறவுகோல் என்றும் கூட்டியபின் பிளாக்செயினில் ஏறுவதை வெளியீட்டுத் திறவுகோல் என்றும் பெயர் பிரித்தது. இரண்டும் 32 பைட்தான். அளவை வைத்துப் பிடிக்க முடியாத வித்தியாசம். பெயர் ஒன்றுதான் காப்பாற்றும். வெளியீட்டுத் திறவுகோலுக்கு எதிராக உள் திறவுகோலின் ரகசிய எண்ணை அப்படியே வைத்துக் கையொப்பமிட்டால் செல்லாது. பல பேர் சேர்ந்து ஒரே கையொப்பம் போடும் மியூசிக்2 முறைக்கான பிப் 327இல் ஒவ்வொருவரும் தரும் 33 பைட் திறவுகோலுக்கு 'சாதாரணத் திறவுகோல்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். சாதாரணம் என்பதற்கும் ஓர் அடைமொழி! பத்திர எழுத்தர் படித்திருந்தால் பாராட்டியிருப்பார்.

பெயர்க் குழப்பம் நேரடியாகக் கையைச் சுடும் இடம் எக்ஸ்பப், அதாவது கீழே பல திறவுகோல்களைப் பிறப்பிக்கும் நீட்டித்த பொதுத் திறவுகோல். அதுவும் பேச்சில் பப்ளிக் கீ ஆகிவிடுகிறது. அதன் 78 பைட்டில் 33தான் திறவுகோல். கீழ்த் திறவுகோல்களைக் கணக்கிட உதவும் சங்கிலிக் குறியீடு 32 பைட், மீதி அடையாள விவரங்கள். 'பப்ளிக் கீதானே, யாருக்கும் தரலாம்' என்று இதைத் தூக்கிக் கொடுத்தால், வாங்கியவர் அதன் கீழே பிறக்கும் முகவரிகளை எல்லாம் பார்க்கலாம். அதோடு கீழே உள்ள ஒரு சாதாரணக் கிளையின் தனித் திறவுகோலும் அவர் கையில் சிக்கினால் தாய்த் திறவுகோலின் ரகசியமே வெளியே வந்துவிடும். மொனேரோ என்ற இன்னொரு மின்னணுப் பணத்தில் இன்னொரு கூத்து: ஒரே முகவரிக்குள் பார்வைக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என்று இரண்டு பொதுத் திறவுகோல்கள். அங்கே அடைமொழி இல்லாமல் பேசவே முடியாது.

தமிழில் எழுதும் நாம் நிலைமையை இன்னும் கெடுக்கிறோம். திறவுகோல், சாவி, விசை, கீ என்று நான்கும் ஒரே கட்டுரையில் வரும். கதை எழுதும்போது சொல் திரும்ப வந்தால் சலிப்பு. வரையறை எழுதும்போது சொல் மாறினால் பொருள் மாறிவிட்டதோ என்று சந்தேகம். நானும் மேலே திறவுகோல், கீ இரண்டையும் கலந்துதான் எழுதியிருக்கிறேன்.

எங்கள் புதிய பத்திரத்தில், 'பழைய வட ஆற்காடு மாவட்டம், தற்போது ராணிப்பேட்டை மாவட்டம், வாலாஜா வட்டம்' என்று முழுசாக எழுதி, சர்வே எண்ணும் உட்பிரிவும் நான்கு எல்லையும் போட்டாயிற்று. மருமகனும் தன் நிரலில் பப்ளிக் கீ என்று வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறான். மொத்தம் 14 இடங்கள். 12 முடிந்துவிட்டது. மீதி இரண்டில், தான் எதை நினைத்து எழுதினோம் என்று அவனுக்கே தெரியவில்லையாம்.